கணக்குக்கு மிஞ்சிய ஆணிகள்

பதிவு 1. 19 ஜனவரி 2061. காலை 09:20. கி.மீ. 31

முன் பஸ். குரல் ஆள் மாதையன், வயது எழுபத்தொன்று. முன்னால் சாலை, தடை இல்லை, சரி. வலது கண்ணாடி, சரி. இடது கண்ணாடி, சரி. பின்னால் இரண்டு பஸ், இடைவெளி பத்து மீட்டர், சரி. பயணிகள் முப்பத்தொரு பேர், பெல்ட் சரி.

விரலை நீட்டி, கண்ணில் படுவதை வாய்விட்டுச் சொல்வதுதான் என் வேலை. ஸ்டியரிங் கிடையாது, பிரேக் கிடையாது. பஸ் தானாக ஓடும். ஜப்பான் சட்டப்படி முன் பஸ்ஸிலும் கடைசி பஸ்ஸிலும் ஒரு மனிதன் உட்கார்ந்திருக்க வேண்டும், தூங்காமல் இருக்கப் பேசிக்கொண்டே வர வேண்டும். பேசுவதை இந்தப் பெட்டி எழுதிக்கொள்ளும். பயணம் முடிந்த பிறகு யாராவது எடுத்துப் படிப்பார்கள். எனக்குப் படிக்கத் தெரியாது. தமிழ் எழுத்தும் தெரியாது, ஜப்பான் எழுத்தும் தெரியாது, எண் மட்டும் தெரியும். ஆகவே பிழை இருந்தால் பெட்டியைத் திட்டுங்கள், என்னைத் திட்ட வேண்டாம்.

வலது கைப்பக்கம் சிவப்புப் பட்டன், சரி. அதை அழுத்தினால் வண்டி நிற்காது. நிறுத்தலாமா என்று கன்ட்ரோல் ரூமைக் கேட்கும், அவ்வளவுதான். முன்பெல்லாம் நேராகவே நிற்கும். எங்களைப் போன்ற கிழடுகள் காக்காய் பறந்தால்கூட அழுத்தியதில் மாற்றிவிட்டார்கள்.

கடைசி பஸ்ஸில் சென்றாயன். என் தங்கை நாகம்மாவின் புருஷன். இப்போது ரேடியோவில் வந்தான்.

"மச்சான், உன் குறட்டை இங்க வரைக்கும் கேக்குது."

"அது உன் பஸ் இஞ்சின்டா மாப்ள."

"பேட்டரி வண்டியில ஏது இஞ்சின்? தூங்கிட்டுதான் இருந்திருக்க."

பதிவு 2. காலை 09:45. கி.மீ. 51

பனி கொட்டத் தொடங்கியது. வேகம் குறைகிறது, சரி. முன்னால் ஐம்பது மீட்டர் வரை தெரிகிறது, சரி. முதல் வரிசையில் ஒரு பாட்டியம்மா ஆரஞ்சு உரித்துத் தின்றுகொண்டு எனக்கும் இரண்டு சுளை நீட்டினார். வேலை நேரத்தில் வாங்கக் கூடாது. வாங்கிவிட்டேன். இதையும் எழுதிக்கொள்.

பதிவு 3. காலை 10:02. கி.மீ. 62

முன்னால் வெள்ளை. பக்கத்தில் வெள்ளை. கோடு தெரியவில்லை. தெரியாததையும் விரல் நீட்டித்தான் சொல்ல வேண்டும், அதுதான் முறை.

கேமரா எல்லாம் குருடாகிவிட்டதாகப் பெட்டி அறிவித்தது. வேகம் நாற்பது. இனி பஸ் காந்த ஆணியைப் பிடித்துக்கொண்டு ஓடும். போன மாதம்தான் இந்த ஏற்பாட்டை இணைத்தார்கள். நிஜப் பனியில் இன்றைக்குத்தான் முதல் தடவை.

எனக்குக் கொஞ்சம் பெருமை. ஏனென்றால் இந்த ஆணிகளைப் பதித்தவர்களில் நானும் ஒருவன். 2034ஆம் வருஷம், ஐப்பசி கார்த்திகை. கிருஷ்ணகிரி கல் குவாரியிலிருந்து பன்னிரண்டு பேரைக் கூட்டிவந்தார்கள். மேஸ்திரி கவாபத்தா. அவருடைய அப்பா காலத்திலேயே, தொண்ணூறுகளில், ரோட்டில் காந்தம் புதைத்துக் காரைத் தானாக ஓட விட்டுப் பார்த்திருக்கிறார்களாம். பிறகு கேமரா வந்தது, ரேடார் வந்தது, காந்தத்தை மறந்துபோனார்கள். பனிதான் அதைத் திரும்பக் கூப்பிட்டது.

கட்டைவிரல் பருமன் ஆணி. இரண்டு மீட்டருக்கு ஒன்று. ட்ரில் வண்டி துளை போட்டுக்கொண்டே முன்னால் போகும், நாங்கள் ஆணியை இறக்கி, தார் ஊற்றி மூடுவோம். மேலே பார்த்தால் ஒன்றும் தெரியாது. பஸ்ஸின் வயிற்றுக்கடியில் காந்தத்தை உணரும் கம்பிச் சட்டத்துக்கு மட்டும் தெரியும். இந்த மலை இடுக்கில் வானத்து சிக்னல் சரியாக எட்டாது. எட்டினாலும் இப்போது ஆணிக்குத்தான் முதல் மரியாதை. ஒரு ஆணியைத் தாண்டினதும் அடுத்த ஆணி எங்கே என்று பார்க்கும். எங்கே இருக்கிறதோ அங்கே போகும்.

பதிவு 4. காலை 10:12. கி.மீ. 68.7

எங்கே இருக்கிறதோ அங்கே போகும்.

பத்து நிமிஷமாக இதையே யோசித்துக்கொண்டிருக்கிறேன். சொல்லிவிடுகிறேன்.

அந்த வேலையில் ஒரு வழக்கம் இருந்தது. சாயங்காலம் வேலை முடிந்ததும் ஆணிப் பெட்டியை எண்ண வேண்டும். தாளில் இன்றைக்கு இவ்வளவு துளை, இவ்வளவு ஆணி, மீதி பூஜ்யம் என்று இருக்கும். ஒரு ஆணி மிஞ்சினால் ஒரு துளை காலி என்று அர்த்தம். யாரும் வீட்டுக்குப் போக முடியாது. நடந்த தூரம் முழுக்கக் கருவியை வைத்துக்கொண்டு திரும்ப நடந்து தேட வேண்டும். மேஸ்திரி மன்னிப்புக் கடிதம் எழுத வேண்டும்.

ஆனால் ஆணி மிஞ்சும். தாருக்குக் கீழே பாறை இருந்தால் ட்ரில் வாய் ஒடியும், அந்த இடத்தைத் தாண்டித்தான் போக முடியும். நான் கல் உடைத்தவன். எந்தக் கல் இடம் கொடுக்கும், எது கொடுக்காது என்று சத்தத்திலேயே தெரியும். தாள் எழுதினவனுக்கு அது தெரியாது.

முதல் நாள் சாயங்காலமே கவாபத்தா வழி காட்டினார். மிஞ்சிய ஆணியை வெளியே கொண்டுபோக முடியாது, வாசலில் சோதனை. ஓடையில் போட முடியாது, அங்கேயும் சோதனை. ட்ரில் வண்டியை நிறுத்தப் போகிற வழியில், துளை போட்டபடியே போக விட்டார். மிஞ்சியதையெல்லாம் அதில் இறக்கச் சொன்னார். தார் ஊற்றி மூடினோம். கணக்கு சரியாக வந்தது. நான் கைநாட்டு வைத்தேன். அடுத்த நாள் மிஞ்சியதற்கு அந்த வரிசையை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தோம். பதினொரு நாள்.

அறுபத்துமூன்று ஆணி. ஒரே வரிசை. இரண்டு மீட்டருக்கு ஒன்று.

88.6ஆவது கிலோமீட்டர். பாலத்து வாயில் இரும்புத் தட்டு இருப்பதால் ஆறு மீட்டருக்கு ஆணி கிடையாது. பஸ் அங்கே அடுத்த ஆணியைத் தேடும். நேராக ஆறு மீட்டர் தள்ளி ஒன்று. இடது பக்கம் இரண்டு மீட்டரில் ஒன்று. நாங்கள் வைத்தது.

அந்த வரிசை போய் முடிகிற இடம் அப்போது ட்ரில் வண்டி நிறுத்துகிற மைதானம். இப்போது பனி கொட்டுமிடம். பனி லாரிகள் ஆற்றில் தள்ளுவதற்காகக் குளிர்காலத்தில் தடுப்புக் கம்பியைக் கழற்றிவிடுவார்கள். ஐம்பது மீட்டர் கீழே ஆறு. மார்கழியிலிருந்து தினமும் அதைத் தாண்டிப் போகிறேன். "கம்பி கழற்றியிருக்கிறது, சரி" என்று நானே விரல் நீட்டிச் சொல்லியிருக்கிறேன்.

ரேடார் எதிரே இருக்கும் பொருளைத்தான் பார்க்கும். அங்கே எதிரே ஒன்றும் இல்லை.

மூன்று பஸ், தொண்ணூற்று நான்கு பயணிகள். பாலத்துக்கு அரை மணி நேரம்.

பதிவு 5. காலை 10:16. கி.மீ. 71.4

சென்றாயனைத் தனிச் சானலில் கூப்பிட்டேன்.

"மாப்ள, வண்டி ஆணியைப் பிடிச்சு ஓடுது. ட்ரில் வண்டி நிப்பாட்டுற இடம் ஞாபகம் இருக்கா?"



"இருக்கு."

"நான் கன்ட்ரோல்ல சொல்லப் போறேன்."

"என்னான்னு சொல்லுவ? பொய்க் கணக்குக்குக் கைநாட்டு வெச்சேன்னு சொல்லுவியா? ரோட்டுப் பத்திரத்துல பொய் வெச்சா, இங்க தங்குறதுக்குக் குடுத்த இருப்பு அட்டையைப் பிடுங்கிட்டு ஊருக்கு ஏத்திருவாங்க மச்சான். உனக்கென்ன, ஒண்டிக் கட்டை. உன் தங்கச்சிக்கு வாரத்துல மூணு நாள் மெஷின்ல ரத்தம் சுத்தம் பண்றாங்க. என் அட்டையில ஓடுது அந்த வைத்தியம்."

"உன் பேரைச் சொல்ல மாட்டேன்டா."

"பன்னெண்டு பேருல பத்துப் பேரு செத்தாச்சு. மீதி யாருன்னு கேக்க அவங்களுக்கு அறிவில்லையா? மானுன்னு சொல்லு மச்சான். மான் நிக்குதுன்னா நிப்பாட்டுவாங்க. நின்னதும் பனி விட்ற வரைக்கும் இப்படியே இருக்கலாம்."

தங்கை முகம் கண்முன் வந்தது. சரி என்றேன்.

பதிவு 6. காலை 10:19. கி.மீ. 73.3

பட்டனை அழுத்தி, மான் என்று சொன்னேன்.

கன்ட்ரோல் ரூமில் இன்று மொரிஷிதா என்ற பெண். அவள் பேசுவதை இயந்திரம் தமிழாக்கித் தரும். அது எப்போதும் மேடைப் பேச்சு மாதிரிதான் வரும்.

"மாதையன் அவர்களே, தங்கள் கோரிக்கை பெறப்பட்டது. வெப்பக் கண்ணில் முன்னூறு மீட்டர் வரை எந்த உயிரினமும் புலப்படவில்லை. தாங்கள் மானைக் கண்ணால் கண்டீர்களா?"

"கண்டேன்."

"முன்னால் பார்வைத் தூரம் நான்கு மீட்டர். நான்கு மீட்டரில் மான் இருந்திருந்தால் இந்நேரம் மோதியிருக்கும். இது தவறான அழைப்பாகப் பதிவாகிறது. விதிப்படி தங்கள் பட்டன் முப்பது நிமிடங்களுக்குப் பூட்டப்படுகிறது. தயவுசெய்து வெந்நீர் அருந்துங்கள்."

பட்டனில் விளக்கு அணைந்தது.

முப்பது நிமிஷம். பாலத்துக்கு இருபத்திரண்டு.

பதிவு 7. காலை 10:24. கி.மீ. 76.7

சொல்லிவிட்டேன். மான் பொய் என்றேன். ஆணியைச் சொன்னேன். கவாபத்தா காட்டிய வழி, அறுபத்துமூன்று, இடது பக்கம், பனி கொட்டுமிடம், எல்லாவற்றையும் சொன்னேன். யாரோடு வைத்தேன் என்று மட்டும் சொல்லவில்லை.

மொரிஷிதா பழைய தாளை எடுத்துப் பார்த்தாள்.

"பதினொரு நாட்களின் தாள்களும் என் முன் உள்ளன. மீதி பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம். ஒவ்வொன்றிலும் மேற்பார்வையாளர் முத்திரையும் தங்கள் கட்டைவிரல் ரேகையும் உள்ளன. ஐந்து நிமிடங்களுக்கு முன் தாங்கள் மான் கண்டதாகக் கூறினீர்கள்."

"அம்மா, அந்த ரேகைதான் பொய். நான் சொல்றது நெசம்."

"தங்களுக்குப் பின்னால் பனி தள்ளும் இயந்திரங்களும் இருபத்தாறு வாகனங்களும் வருகின்றன. இந்தப் பனியில் ஒரு பஸ் தொடரை நிறுத்துவதும் ஆபத்தே. ஆதாரம் வேண்டும்."

எழுதத் தெரிந்தவனாக இருந்தால் எங்கேயாவது குறித்து வைத்திருப்பேன். என்னிடம் என்ன ஆதாரம்? மண்டைதான்.

மண்டைதான் ஆதாரம்.

"அம்மா, ஆணி மிஞ்சுச்சுன்னா துளை காலின்னு அர்த்தம். எங்கெங்க காலின்னு நான் சொல்றேன். வண்டி அங்க வர்றப்ப உங்க மெஷினைப் பாருங்க. 79.2ல ரெண்டு ஆணி இருக்காது. அன்னிக்கு ஆலங்கட்டி மழை. கவாபத்தா ஐயா தெர்மாஸ் உடைஞ்சுது. கீழ கருங்கல்."

பதிவு 8. காலை 10:28. கி.மீ. 79.3

"இரண்டு ஆணிகளின் சிக்னல் வரவில்லை. இது தற்செயலாகவும் இருக்கலாம்."

"81ல மூணு. வளைவு முடியற எடம்."

பதிவு 9. காலை 10:31. கி.மீ. 81.1

மூன்று. அவள் எண்ணியதை இயந்திரம் தமிழாக்குவதற்குள் அவளுடைய சொந்தக் குரலிலேயே கேட்டுவிட்டேன். ஒன்று, இரண்டு, மூன்று என்ற ஜப்பான் எண் எனக்குத் தெரியும்.

"83.6ல ஒண்ணே ஒண்ணு. அது பாறையில்ல. பழைய இரும்புக் குழாய். ட்ரில் வாய் ஒடிஞ்சு ஒருத்தன் கன்னத்தைக் கிழிச்சுது."

கிழிந்தது சென்றாயன் கன்னம். அதைச் சொல்லவில்லை.

பதிவு 10. காலை 10:35. கி.மீ. 84

ஒன்று. சரியாக வந்தது.

"மாதையன் அவர்களே, நான் தங்களை நம்புகிறேன்."

"அப்ப நிப்பாட்டுங்கம்மா."

"தங்கள் குரல் பூட்டப்பட்ட குரல். அதை வைத்து நான் ஆணையிட முடியாது, விதி அனுமதிக்காது. அதே தொடரில் உள்ள மற்றொரு குரல் ஆள் இதையே கூற வேண்டும். மூன்றாம் பஸ்ஸில் சென்றாயன் என்பவர் இருக்கிறார். அவருக்கு இதைப் பற்றித் தெரியுமா?"

பேரைச் சொல்ல மாட்டேன் என்று அவனுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். சானல் பொதுவாகத் திறந்திருந்தது. அவனுக்கு எல்லாம் கேட்டிருக்கும்.

பாட்டியம்மா இன்னொரு ஆரஞ்சை உரிக்கிறார். முன்னால் வெள்ளை, சரி இல்லை. பக்கத்தில் வெள்ளை, சரி இல்லை.

சென்றாயா.

சென்றாயா, உன் பஸ்ஸும் இதே ஆணியில்தான் வருகிறது. நான் போன பிறகு நடு பஸ், அதன் பின்னால் நீயும் வருவாய். மைதானத்துக்குள் திரும்பினால் விளிம்புக்குப் பதினொரு விநாடி. நீ செத்த பிறகு அந்த அட்டையில் நாகம்மாவுக்கு எவன் வைத்தியம் பார்ப்பான்?

மைக்கை மூடிவிட்டு இதைப் பெட்டியிடம்தான் சொல்கிறேன். அவனிடம் சொல்ல வாய் வரவில்லை. மிரட்டுகிற மாதிரி இருக்கும்.

பதிவு 11. காலை 10:37. கி.மீ. 85.4

"மச்சான், அடுத்தது எங்க?"

"86.3. மூணு."

"மூணு இல்ல. நாலு."

"மூணுதான்டா. என் கையால விட்டேன்."

"உன் கைக்குத் தெரியாம நான் ஒண்ணு விட்டேன். துளை சரியாத்தான் இருந்துச்சு, ஆணி நழுவி ஓரத்துல உருண்டுருச்சு. அந்தக் குளிர்ல குனிஞ்சு தேட முடியல. அப்படியே தார் ஊத்திட்டேன். மறுநாள் எடுத்துட்டுப் போயி மைதானத்து வரிசையில சேர்த்தேன். உன் கணக்கே தப்பு மச்சான். அறுபத்துமூணு இல்ல, அறுபத்துநாலு."

பிறகு அவனே கன்ட்ரோலைக் கூப்பிட்டான்.

"அம்மா, மூணாம் பஸ் குரல் ஆள் சென்றாயன். நானும் வெச்சேன். என் பேரையும் எழுதிக்குங்க."

இருபத்தேழு வருஷமாக என் ஞாபகத்தில் ஒரு ஓட்டையும் கிடையாது என்று சொல்லித் திரிந்தேன். பார்.

பதிவு 12. காலை 10:39. கி.மீ. 86.5

நான்கு.

பதிவு 13. காலை 10:41. கி.மீ. 88.2

நின்றோம்.

பாலத்துக்கு நானூறு மீட்டர். பின்னால் பஸ் இரண்டும் நின்றன, சரி. பனி தள்ளும் இயந்திரங்கள் நின்றன என்று மொரிஷிதா சொன்னாள், சரி. பயணிகள் முப்பத்தொரு பேர், சரி. யாருக்கும் ஒன்றும் தெரியாது. பனியால் தாமதம், மன்னிக்கவும் என்று ஒலிபெருக்கி சொன்னது. எல்லாரும் தலையைக் குனிந்து மன்னித்தார்கள்.

 

"மச்சான், நாளைக்கு நம்மள ஏரோப்ளேன்ல ஏத்துறப்ப சன்னல் சீட்டு எனக்கு."

"எடுத்துக்கோ மாப்ள. எனக்கு வெளிய பாத்துப் பாத்து அலுத்துப்போச்சு."

சிரித்தான். அது அழுகை மாதிரியும் இருந்தது.

பதிவு 14. காலை 10:49. கி.மீ. 88.2

பட்டனில் விளக்கு வந்தது. முப்பது நிமிஷம் முடிந்தது.

மொரிஷிதா திரும்பவும் கூப்பிட்டாள்.

"மாதையன் அவர்களே, மிஞ்சிய ஆணிகளைப் புதைக்கும் முறையைத் தங்கள் மேற்பார்வையாளர் எங்கே கற்றார்?"

"முந்தி வேலை பார்த்த ரோட்டுல, அம்மா."

"தங்கள் சாலையில் மற்ற குழுக்களும் அவ்வாறு செய்தனவா?"

நான் யோசித்தேன். விடுதியில் எல்லாக் குழுவும் ஒன்றாகத்தான் சாப்பிடுவோம். நேபாளத்துக்காரர்கள், வியட்நாம்காரர்கள், திருப்பத்தூர் ஆட்கள். எல்லாரும் ஆறு மணிக்கே வந்துவிடுவார்கள். ஒரு நாளும் ஒரு குழுவும் காலித் துளையைத் தேடிவிட்டுத் தாமதமாக வந்ததில்லை.

"அம்மா, நாடு பூராவும் அந்தத் தாளையெல்லாம் எடுங்க. மீதி ஒண்ணுன்னு ஏதாவது தாள்ல இருக்கா பாருங்க."

தேடும் சத்தம் கேட்டது. நெடுநேரம்.

"இல்லை. பதினான்காயிரம் தாள்கள். எல்லாவற்றிலும் பூஜ்யம்."

"பாறையே இல்லாத ஊரா இது? அதுதாம்மா ஆதாரம்."

இயந்திரத்துக்கு நடுக்கம் தெரியாது. ஆனால் அதற்குப் பின்னால் கேட்ட அவள் சொந்தக் குரல் நடுங்கியது.

"இப்போது ஆணிகளை மட்டும் நம்பி ஓடிக்கொண்டிருப்பவை இருநூற்றுப் பன்னிரண்டு தொடர்கள். என் ஆணை என் பகுதிக்கு மட்டுமே. மற்றப் பகுதிகளின் தலைவர்கள் மறுக்கிறார்கள். தங்கள் தாள்களில் பூஜ்யம் என்கிறார்கள். அந்தந்தத் தொடரின் குரல் ஆள் சொன்னால் மட்டுமே நிறுத்துவார்கள். ஆணி பதித்தவர்கள் பலர் இன்று குரல் ஆட்களாக இருக்கிறார்கள். நான் எல்லாச் சானல்களையும் தங்களுக்குத் திறந்துவிடுகிறேன். பேசுங்கள்."

பதிவு 15. காலை 10:54. கி.மீ. 88.2

பேசினேன். நான் மாதையன், கவாபத்தா குழு. நாங்கள் வைத்த மிச்ச ஆணி 88.6இல். நாங்கள் சொல்லிவிட்டோம், வண்டி நின்றது. நீங்கள் வைத்தது எங்கே? சொல்லுங்கள். அட்டை போனால் போகட்டும்.

இருநூற்றுப் பன்னிரண்டு சானல். எல்லாவற்றிலும் மூச்சுச் சத்தம்.

பதிவு 16. காலை 10:57

தாபா என்ற நேபாளி முதலில் வாயைத் திறந்தான். சுங்கச் சாவடிக்கு வலது பக்கம், இருபது. நிறுத்திவிட்டார்கள்.

வியட்நாம் பெண் ஒருத்தி. அணைக்கட்டுச் சாலை, பதினேழு. நின்றது.

இன்னொருவன். இன்னொருவன். கூட்டத்தில் ஒரு ஆள் எழுந்ததும் எல்லாரும் எழுவது மாதிரி. மொரிஷிதா எண்ணிக்கொண்டே வருகிறாள். முப்பத்தொன்று. முப்பத்திரண்டு.

பதிவு 17. காலை 11:03

"அண்ணே, தமிழா? நான் குட்டியப்பன், திருப்பத்தூர். வடக்குல ஓடுறேன். நாங்களும் வெச்சோம்ணே."

"எங்க வெச்சீங்க? சீக்கிரம்."

"கிலோமீட்டர் எனக்குத் தெரியாதுண்ணே, எண்ணுகூடப் படிக்கத் தெரியாது. சுரங்கம் முடிஞ்சு வெளிய வந்ததும் இடது பக்கம், பள்ளத்து ஓரம் வரைக்கும். இப்பத்தான் சுரங்கம் தாண்டினோம்."

"பட்டனை அழுத்து. எத்தனை ஆணி?"

"அழுத்திட்டேன். கேக்குறாங்க, என்ன காரணம்னு கேக்குறாங்க... அண்ணே, வண்டி திரும்புது. மெதுவாத்தான் திரும்புது. குலுங்கக்கூட இல்ல."

"எத்தனை ஆணிடா குட்டியப்பா?"

"நாப்பது."

நாற்பது ஆணி. எண்பது மீட்டர். ஏழு விநாடி.

சானல் திறந்துதான் இருக்கிறது. நான் இருபது வரை எண்ணிவிட்டேன்.